கரையில் ஒரு கண், கப்பலில் ஒரு காது

1971 ஜனவரி 18, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு மேல். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வாசலில், கோல்டன் கேட் பாலத்தடியில், எதிரே எதுவும் தெரியாத மூடுபனி. 'அரிசோனா ஸ்டாண்டர்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் கடலிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. 'ஒரிகான் ஸ்டாண்டர்ட்' வெளியே போய்க்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே நிறுவனத்தின் கப்பல்கள். அமெரிக்கக் கடலோரக் காவல் படை கரையில் சோதனை முறையில் நடத்திவந்த ரேடார் நிலையத்தில் அன்றிரவுப் பணியில் இருந்தவருக்கு இரண்டு புள்ளிகளும் திரையில் தெரிந்தன. அவை ஒன்றையொன்று நெருங்குவதும் தெரிந்தது. உள்ளே வரும் கப்பலோடு அவரால் பேச முடிந்தது. வெளியே போகும் கப்பலைக் கூப்பிட்டுப் பார்த்தும் பதில் இல்லை. அந்த அலைவரிசையை அங்கே யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கப்பல்கள் மோதின. சுமார் 30 லட்சம் லிட்டர் எண்ணெய் விரிகுடாவிலும் அதன் கரைகளிலும் பரவியது.

கரை ரேடார் என்றதும் நாம் அதன் பார்வையைப் பற்றித்தான் பேசத் தொடங்குவோம். எவ்வளவு தூரம் தெரியும், மழையில் தெரியுமா, இருட்டில் தெரியுமா என்று கேட்போம். அன்றிரவு ஆபத்து கண்ணுக்குத் தப்பவில்லை. பார்த்த செய்தி போய்ச் சேர வேண்டிய ஆளிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். கரையிலிருந்து ரேடாரால் கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் வேலைக்கு முக்கால் நூற்றாண்டு வயதாகிறது. அதில் பார்வை தொடர்பான சிக்கல்கள் ஓரளவு சீக்கிரமே தீர்ந்துவிட்டன. பேச்சு தொடர்பான சிக்கல்கள்தான் இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பது என் கணிப்பு.

கலங்கரை விளக்கம் என்கிறோம். அந்தச் சொல்லில் உள்ள கரை, கடற்கரை அல்ல என்று விளக்கம் சொல்வார்கள். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்: கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு. விளக்கு தன்னைக் காட்டிக்கொள்கிறது, கப்பல் அதைப் பார்த்துத் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. ரேடார் இதற்கு நேரெதிர். கரை கப்பலைப் பார்க்கிறது. பார்க்கப்படுவது கப்பலில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. கரையில் இருப்பவர் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

சரி, ஏறக்குறைய எல்லாப் பெரிய கப்பல்களிலும் ரேடார் இருக்கிறதே, கரையில் தனியாக எதற்கு?

முதல் காரணம் ஆன்டெனாவின் நீளம். ரேடார் கற்றை எவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்பதை அலைநீளமும் ஆன்டெனாவின் அகலமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. துறைமுக ரேடார்கள் பெரும்பாலும் 3 செ.மீ. சொச்சம் அலைநீளத்தில் இயங்குபவை. கப்பலின் கொடிமரத்தில் 2 மீட்டர் நீள ஆன்டெனாவை வைத்தால் கற்றை ஏறக்குறைய 1 டிகிரி விரியும். கரைக் கோபுரத்தில் 6 மீட்டருக்கு மேல் நீளமான ஆன்டெனாவைத் தாராளமாகச் சுழலவிடலாம். அப்போது கற்றை 1 டிகிரியில் மூன்றில் ஒரு பங்குதான். 5 கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கப்பல் ரேடாரின் கற்றை அங்கே 90 மீட்டர் அகலம், கரை ரேடாரின் கற்றை 30 மீட்டர். கால்வாயின் அகலமே சில நூறு மீட்டர்தான் இருக்கும் இடத்தில், 60 மீட்டர் இடைவெளியில் பக்கவாட்டில் போகும் இரண்டு கப்பல்கள் முதல் திரையில் ஒரே பொட்டாகத் தெரியும். இரண்டாவதில் இரண்டாகத் தெரியும். மூடுபனியில் அந்த ஒரு பொட்டு ஒன்றா இரண்டா என்பது உயிர்க்கேள்வி.

தூரத்தைப் பொறுத்தவரை கணக்கு வேறு. ரேடியோ அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் பாதியைக் கழித்துவிடலாம். 0.05 மைக்ரோ நொடி நீளத் துடிப்பை அனுப்பினால், ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பொருள்களை 7.5 மீட்டர் இடைவெளி வரை பிரித்துக் காட்ட முடியும். ஆக, ரேடார் தூரத்தில் கெட்டிக்காரன், திசையில் கொஞ்சம் மந்தம். கரை ரேடாரின் நீள ஆன்டெனா அந்த மந்தத்தைக் குறைக்கிறது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: கரை அசையாது. கப்பல் ஆடும், உருளும், திரும்பும். அதோடு சேர்ந்து படமும் மாறும். கரைக் கோபுரம் நிற்கும் இடம் அளந்து குறிக்கப்பட்டது. அது பார்க்கும் துறை முகப்பு, அலைதடுப்புச் சுவர், மிதவைகள், பாலம் எல்லாம் நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கும். எது நிலம், எது நிலையான பொருள் என்று ஒருமுறை சொல்லிவைத்துவிட்டால், மிச்சம் இருப்பதெல்லாம் நகரும் கலங்கள்தான். நங்கூரம் அறுந்து இடம் மாறிய மிதவையைக்கூட அது காட்டிக்கொடுக்கும். கப்பலில் இருப்பவர் அந்த மிதவையை நம்பித்தான் திருப்பத்தை எடுக்கிறார் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் மதிப்பு புரியும்.

உயரம் மூன்றாவது. ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவுக்கு அப்பால் இருப்பதைப் பார்க்காது. 49 மீட்டர் உயரத்தில் ஆன்டெனாவை வைத்தால், கடல்மட்டத்துக்கு மேல் 9 மீட்டர் உயரம் உள்ள பொருளை ஏறக்குறைய 41 கிலோமீட்டர் வரை காணலாம். ஆனால் ஓர் உயரமான கோபுரத்தால் மட்டும் வேலை முடியாது. பெரிய கப்பலின் நிழலில் சிறிய படகு மறைந்துவிடும். வளைந்து போகும் ஆற்றுமுகத்தில் அடுத்த வளைவு தெரியாது. அதனால்தான் பெரிய துறைமுகங்களில் ஒரு ரேடார் விடும் இடத்தை இன்னொரு ரேடார் பிடிக்கும்படி சங்கிலியாக வைக்கிறார்கள்.

இந்த யோசனை எவ்வளவு பழையது என்று தேடிப் போனால் வியப்பாக இருக்கும். ரேடாரைப் போர்க்காலக் கண்டுபிடிப்பு என்றுதான் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிறிஸ்டியான் ஹூல்ஸ்மையர் என்ற ஜெர்மானியர் 1904-லேயே ரேடியோ அலையை அனுப்பி, கப்பலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கும் கருவியைச் செய்து காப்புரிமையும் வாங்கிவிட்டார். அதற்கு டெலிமொபிலோஸ்கோப் என்று பெயர். கொலோன் நகரில் ரைன் ஆற்றுப் பாலத்தருகே அதை இயக்கிக் காட்டினார். அதே ஆண்டு ஜூனில் ராட்டர்டாம் துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தார் முன்னிலையில் காட்டினார். கப்பல் குறுக்கே வந்தால் மணி அடிக்கும். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அது நேரடியாகச் சொல்லாது. மூடுபனியில் கப்பல்கள் மோதாமல் தடுக்கத்தான் அவர் அதைச் செய்தார். வாங்க ஆள் இல்லை. நல்ல கருவி ஐந்து பத்து ஆண்டு முந்திப் பிறந்தாலே கஷ்டம். இது நாற்பது ஆண்டு முந்திப் பிறந்துவிட்டது.

இடையில் வந்தது போர். 1940-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் ஆகியோர் உருவாக்கிய குழிவு மேக்னட்ரான் என்ற மின்னணுக் குழாய், சென்டிமீட்டர் அலைகளை வலுவாக உண்டாக்கியது. மெல்லிய கற்றை வேண்டுமென்றால் குறுகிய அலை வேண்டும்; அது கைக்கு வந்ததும்தான் துறைமுக ரேடார் சாத்தியமாயிற்று. போர் முடிந்த பிறகு 1948 பிப்ரவரியில் ஐல் ஆஃப் மேன் தீவின் டக்ளஸ் துறைமுகத்திலும், அதே ஆண்டு ஜூலையில் லிவர்பூலிலும் கரை ரேடார்கள் வேலைக்கு வந்தன. 1950-ல் கலிபோர்னியாவின் லாங் பீச். 1952-ல் ஆம்ஸ்டர்டாமுக்கான கடல்வாசல். 1956-ல் ராட்டர்டாமின் நீர்வழி நெடுகிலும் ரேடார் நிலையங்களின் சங்கிலி. ஹூல்ஸ்மையர் மணி அடித்துக் காட்டிய அதே துறைமுகத்துக்கு அது வந்து சேர அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இதற்கெல்லாம் உந்துதல் பாதுகாப்பு மட்டுமே என்று சொன்னால் முழு உண்மையாகாது. மூடுபனி இறங்கினால் துறைமுகம் நின்றுபோகும். கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும், சரக்கு தேங்கும், கூலி ஓடிக்கொண்டே இருக்கும். தெரியாத நேரத்திலும் கப்பலை உள்ளே எடுக்க முடியும் என்றால் அதற்குப் பணம் போடத் துறைமுகங்கள் தயாராக இருந்தன.

லிவர்பூலில் செய்த ஒரு காரியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரேடாரோடு சேர்த்துப் பைலட்டுகளுக்குக் கையோடு எடுத்துப் போகும் ரேடியோ தொலைபேசியையும் கொடுத்தார்கள். துறைமுகத்தின் நெளிவுசுளிவு அறிந்து, வரும் கப்பலில் ஏறி வழிகாட்டுபவர்தான் பைலட். வருகிற கப்பலில் சரியான ரேடியோ இருக்குமா, அதில் சரியான அலைவரிசை இருக்குமா என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது; ஏணியில் ஏறும் பைலட்டே கருவியைத் தூக்கிக்கொண்டு ஏறட்டும் என்று முடிவு செய்தார்கள். கண் வைத்த நாளிலேயே காதையும் வைத்துவிட்டார்கள். 23 ஆண்டு கழித்து கோல்டன் கேட் பாலத்தடியில் இல்லாமல் போனது இதுதான். அந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்காவில் அதே 1971-ல், கப்பலுக்குக் கப்பல் பேசும் ரேடியோவைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே துறைமுகப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கடலோரக் காவல் படைக்குத் தரும் சட்டமும் வந்தது.

பேச வழி கிடைத்ததும் அடுத்த சிக்கல் முளைக்கிறது: யாரிடம் பேசுவது? ரேடார் திரையில் இருப்பது வெறும் பொட்டு. அதில் பெயர் எழுதியிருக்காது. கப்பலிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, எங்கே இருக்கிறேன் என்று கேட்கிறார். திரையில் ஆறு பொட்டுகள் இருக்கின்றன. தவறான பொட்டைப் பார்த்து வழி சொன்னால், வழி சொல்லாமல் இருப்பதைவிட மோசம். முன்பு இதற்குப் பல உபாயங்கள் இருந்தன. குறிப்பிட்ட மிதவையைக் கடக்கும்போது குரல் கொடுக்கச் சொல்வார்கள். திசையைச் சற்று மாற்றிப் பார்க்கச் சொல்லி, எந்தப் பொட்டு திரும்புகிறது என்று கவனிப்பார்கள். பிற்பாடு, பேசும் ரேடியோ அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத் திரையில் ஒரு கோடாகக் காட்டும் கருவி வந்தது. குரல் வந்த கோட்டின் மேல் இருக்கும் பொட்டுதான் ஆள்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏ.ஐ.எஸ். என்ற தானியங்கி அடையாளக் கருவி வந்து இதை ஒரே அடியில் தீர்த்துவிட்டதுபோலத் தோன்றியது. 2002 முதல் 2004 முடிவதற்குள், பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் அது படிப்படியாகக் கட்டாயமாயிற்று. கப்பல் தன் பெயர், இடம், வேகம், போகும் திசை எல்லாவற்றையும் தானே வி.எச்.எஃப். ரேடியோவில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். கரைத் திரையில் ஒவ்வொரு பொட்டுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டது. ரேடாருக்குக் கட்டடமும் வளைவும் தடை. வளைவுக்கு அப்பால் நிற்கும் கப்பல்கூட ஏ.ஐ.எஸ்.ஸில் பெரும்பாலும் தெரியும். இனி ரேடார் எதற்கு என்ற பேச்சும் எழுந்தது.

எதற்கு என்றால், ஏ.ஐ.எஸ். என்பது கப்பல் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. சொல்லாமல் இருக்கலாம், தவறாகவும் சொல்லலாம். செயற்கைக்கோள் சமிக்ஞையை யாராவது குழப்பினால் தன்னையறியாமல் பொய் சொல்லும். ரேடார் யாருடைய ஒத்துழைப்பையும் கேட்பதில்லை. இரும்பு அங்கே இருக்கிறது, எதிரொலி வருகிறது.

இதற்கு 2018 நவம்பர் 8 அதிகாலை நார்வேயில் நடந்ததைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. ஸ்டூரா எண்ணெய் முனையத்திலிருந்து 'சோலா டி.எஸ்.' என்ற டேங்கர் கச்சா எண்ணெயுடன் அப்போதுதான் கிளம்பியிருந்தது. வடக்கிலிருந்து நார்வே கடற்படையின் போர்க்கப்பல் 'ஹெல்கே இங்ஸ்டாட்' 17 நாட் (மணிக்குச் சுமார் 31 கிலோமீட்டர்) வேகத்தில் வந்துகொண்டிருந்தது. போர்க்கப்பலின் ஏ.ஐ.எஸ். மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது, தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்தப் பகுதிக்குள் நுழையும்போதே போர்க்கப்பல் ஃபெட்யே கப்பல் போக்குவரத்து மையத்துக்குத் தகவல் கொடுத்திருந்தது. மையத்தில் இருந்தவரின் கவனத்திலிருந்து அது நழுவிவிட்டது. ரேடாரில் பொட்டு இருந்தது, பெயர் இல்லை. டேங்கரில் இருந்த பைலட் எதிரே வருவது யார் என்று கேட்டபோது, தகவல் இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. சற்றுப் பொறுத்துத்தான் அது எந்தக் கப்பலாக இருக்கலாம் என்று மையத்துக்கு நினைவு வந்து சொன்னது. பைலட் உடனே போர்க்கப்பலைக் கூப்பிட்டு வலப்புறம் திரும்பச் சொன்னார். எதிரே தெரிந்த வெளிச்சத்தை அசையாத ஏதோ ஒரு பொருள் என்று எண்ணிக்கொண்டிருந்த போர்க்கப்பலில், அப்படித் திரும்பினால் அதன்மேல் ஏறிவிடுவோம் என்று தயங்கினார்கள். கடைசி நிமிடம் அதில் போயிற்று; இரண்டும் மோதின. உயிரிழப்பு இல்லை, போர்க்கப்பல் மூழ்கிப் பின்னர் உடைக்கப்பட்டது. ரேடார், ஏ.ஐ.எஸ்., ரேடியோ மூன்றும் இருந்த இடத்தில், மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் ஒரு மனிதரின் நினைவில் விழுந்த ஓட்டை அது.

இனி, பேசும்போது என்ன சொல்வது? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்விதான் உண்மையில் கடினமானது.

விமானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே தரை ரேடாரைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் இடது, கொஞ்சம் கீழே என்று குரல் மூலமே விமானத்தை ஓடுபாதையில் இறக்கும் முறை வந்துவிட்டது. கப்பலுக்கும் அப்படியே செய்துவிடலாம் என்று தோன்றும். செய்ய முடியாது. 300 மீட்டர் நீளக் கப்பலில் சுக்கானைத் திருப்பினால், மூக்கு நகரத் தொடங்கவே சிறிது நேரம் ஆகும். மூக்கு திரும்பிய பிறகும் உடல் பழைய திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். திருப்பத்தை நிறுத்துவதற்கு எதிர்ப்பக்கம் சுக்கான் கொடுக்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே. நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும். அடியில் ஆழம் குறைந்தால் கப்பலின் நடத்தையே மாறும். இதில் எதையும் ரேடார் பார்ப்பதில்லை. அதற்கு நீருக்கு மேல் இருப்பது மட்டுமே தெரியும். சுக்கான் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்திரம் என்ன வேகத்தில் ஓடுகிறது, அடியில் எத்தனை மீட்டர் தண்ணீர் என்று கரைக்குத் தெரியாது.

அதைவிட நுட்பமான பிரச்சினை ஒன்று உண்டு. ஆன்டெனா நிமிடத்துக்கு 20 முறை சுற்றினால், ஒரு கப்பலை 3 நொடிக்கு ஒருமுறைதான் பார்க்கும். 12 நாட் வேகத்தில் அதற்குள் கப்பல் 18 மீட்டர் நகர்ந்திருக்கும். அடுத்தடுத்த இடங்களை வைத்துத்தான் திசையையும் வேகத்தையும் கணினி கணிக்கிறது. ஆனால் எதிரொலி கப்பலின் எந்தப் பகுதியிலிருந்து பலமாக வருகிறது என்பது சுற்றுக்குச் சுற்று மாறும். இப்போது பின்பக்கத்தில் உயர்ந்து நிற்கும் கட்டுமானம், அடுத்த சுற்றில் நடுவில் அடுக்கிய பெட்டிகள். கப்பல் நேராகப் போனாலும் பொட்டு பத்து மீட்டர் இப்படியும் அப்படியும் ஆடும். அந்த ஆட்டத்தைச் சமன்செய்ய, கணினி சில சுற்றுகளின் சராசரியை எடுக்கிறது. சராசரி எடுத்தால் படம் அமைதியாகும், கூடவே தாமதமும் ஆகும். கப்பல் திரும்பத் தொடங்கியது கரைத் திரையில் தெரியும்போது, கப்பல் ஏற்கெனவே பாதி திரும்பியிருக்கும். அந்தப் படத்தை வைத்துச் சுக்கான் உத்தரவு கொடுத்தால், முடிந்துபோன நிலைமைக்கு மருந்து கொடுத்த மாதிரிதான்.

இன்னொரு பொறியும் இதே இடத்தில் இருக்கிறது. கப்பலின் மூக்கு பார்க்கும் திசை வேறு, கப்பல் உண்மையில் நகரும் திசை வேறு. நீரோட்டத்தில் நண்டு போலச் சாய்ந்து போகும் கப்பலுக்கு இரண்டும் பல டிகிரி விலகியிருக்கும். ரேடார் பொட்டின் நகர்வு இரண்டாவதை மட்டுமே சொல்லும்.

2007 நவம்பர் 7 காலை, மீண்டும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடா, மீண்டும் மூடுபனி. 'காஸ்கோ பூசான்' என்ற பெட்டகக் கப்பல் ஓக்லாந்திலிருந்து கிளம்பி விரிகுடாப் பாலத்தின் தூண்களுக்கு இடையே வெளியேற வேண்டும். 1971-ஐப் போல இல்லாமல் இப்போது எல்லாம் இருந்தன: முறையான போக்குவரத்து மையம், ஏ.ஐ.எஸ்., எல்லாரும் கேட்கும் அலைவரிசை, கப்பலில் பைலட். கப்பலின் போக்கு சரியில்லை என்று மையத்தில் இருந்தவர் கவனித்தார். கூப்பிட்டு, இந்தத் திசையில் போவதாகத் தெரிகிறதே, என்ன உத்தேசம் என்று கேட்டார். பைலட் வேறொரு திசையைச் சொல்லி, திட்டமிட்ட வழியில்தான் போவதாகப் பதில் தந்தார். மையம் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சில நிமிடங்களில் கப்பல் பாலத்தூணில் உரசியது. சுமார் 2 லட்சம் லிட்டர் எரிபொருள் கடலில் கொட்டியது.

விபத்துக்கு முதன்மைக் காரணங்கள் கப்பலில்தான் இருந்தன. பைலட் தெளிவான நிலையில் இல்லாதது, கேப்டன் கண்காணிக்காதது ஆகியவற்றை விசாரணை சுட்டியது. கரை பற்றியும் ஒரு முடிவு அதில் இருந்தது: மையம் சொன்ன திசைத் தகவல் தவறானது, அது பைலட்டைக் குழப்பியிருக்கலாம். நல்லெண்ணத்தில் கேட்ட கேள்விதான். மூக்கின் திசையைப் பற்றிப் பேசுகிறோமா, நகரும் திசையைப் பற்றிப் பேசுகிறோமா என்பது தெளிவாக இல்லாதபோது, கப்பலில் இருப்பவர் திசைமானியைப் பார்த்துவிட்டு, கரைக்காரருக்கு என்ன தெரியும் என்று ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம். மூடுபனிக்குள் எச்சரிக்கை எட்டியும் எச்சரிக்கையாக உரைக்கவில்லை.

இப்படிப்பட்ட குழப்பங்களைக் குறைக்கத்தான் கரைப் பேச்சுக்கு ஓர் ஒழுங்கு முன்பே உருவாகியிருந்தது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001-ல் ஏற்றுக்கொண்ட கடல் தொடர்புச் சொற்றொடர்களில், சொல்லப்போவது எந்த வகைப் பேச்சு என்பதை முதலிலேயே அறிவிக்கும் முறை இருக்கிறது. தகவல், எச்சரிக்கை, ஆலோசனை, உத்தரவு, கேள்வி என்று ஒரு சொல்லை முன்னால் போட்டுவிட்டு வாக்கியத்தைத் தொடங்கலாம். கேட்பவர் வேறு நாட்டவர், ஆங்கிலம் அவருக்கும் அந்நியம், ரேடியோவில் இரைச்சல் வேறு. கால்வாயில் எதிரே கப்பல் வருகிறது என்பது வெறும் செய்தியா, நில் என்று அர்த்தமா என்று அவர் ஊகித்துக்கொண்டிருக்கக் கூடாது. படிக்கும்போது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும் இந்த முறை, தூக்கமில்லாத மாலுமிக்கு மிகப் பெரிய உதவி.

உத்தரவு கொடுக்கும்போதும் விளைவைச் சொல்ல வேண்டும், வழியைச் சொல்லக் கூடாது என்பது இன்னொரு விதி. மிதவையைத் தாண்டி நில்லுங்கள் எனலாம். சுக்கானை 20 டிகிரி திருப்புங்கள் எனக் கூடாது. வழி தடுமாறிய கப்பலுக்கு உதவும்போது கரைக்குரல் சொல்வது இப்படி இருக்கும்: கால்வாயின் நடுக்கோட்டுக்கு வடக்கே 50 மீட்டர் தள்ளி இருக்கிறீர்கள், கோட்டை நோக்கி நெருங்குகிறீர்கள். கொஞ்ச நேரம் கழித்து: 30 மீட்டர், நெருங்குகிறீர்கள். அப்புறம்: கோட்டின் மேல் இருக்கிறீர்கள். இடத்தையும் போக்கையும் மட்டும் கரை தருகிறது. அதற்கு எத்தனை டிகிரி சுக்கான் என்பது, கப்பலின் எடையைக் காலடியில் உணர்ந்துகொண்டிருப்பவரின் முடிவு.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் 5-ஆம் அத்தியாயம் 12-ஆம் விதி போக்குவரத்து மையங்களைப் பற்றியது. கரை நாடு தன் கடல் எல்லைக்குள் மட்டுமே இந்தச் சேவையைக் கட்டாயமாக்கலாம் என்று அது வரையறுக்கிறது. கப்பலுக்குப் பொறுப்பு கேப்டன்தான். கரையிலிருந்து ஒருவர் பேசினார் என்பதால் அது மாறுவதில்லை. இதைச் சாக்காக வைத்துக் கரைக்காரர்கள் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள் என்ற குறை பழையது, அதில் ஓரளவு நியாயமும் உண்டு. பொறுப்பு உன்னுடையது என்று சொல்லிவிட்டால், தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதும் சுலபமாகிவிடுகிறது.

திறந்த நீரிணைகளில் நிலைமை இன்னும் இக்கட்டு. 1971 ஜனவரியில் டோவர் நீரிணையில் 'டெக்ஸாகோ கரீபியன்' என்ற டேங்கர் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. மறுநாளே 'பிராண்டன்பர்க்' என்ற கப்பல் அந்தச் சிதைவின் மேல் மோதி மூழ்கியது. பிப்ரவரி இறுதியில் 'நிக்கி' என்ற கப்பலும் அதே இடத்தில் மூழ்கியது. சிதைவைச் சுற்றி எச்சரிக்கைக் குறிகள் வைத்திருந்தார்கள்; வருகிறவர்களிடம் சொல்ல ஒழுங்கான ஏற்பாடு இல்லை. அடுத்த ஆண்டு டோவரில் ரேடார் கண்காணிப்போடு தகவல் சேவை தொடங்கப்பட்டது.

கரை உண்மையாகவே கப்பலை நடத்தும் ஓர் இடம் உண்டு. கடல் கொந்தளிப்பில் பைலட் படகிலிருந்து ஏணியில் ஏற முடியாத நாள்கள் வரும். ராட்டர்டாம் போன்ற துறைமுகங்களில் அப்போது ஒரு பைலட் கரை மையத்தில் ரேடார் திரை முன் உட்காருவார். ஜெர்மனியின் எல்பே, வேசர் ஆறுகளிலும் பைலட்டுகள் கரை ரேடாரிலிருந்து ஆலோசனை சொல்லும் வழக்கம் உண்டு. இங்கே பேசுபவர் வெறும் கண்காணிப்பாளர் அல்ல. அதே கால்வாயில் நூற்றுக்கணக்கான முறை கப்பலைக் கொண்டு போனவர். திரையில் பொட்டு கொஞ்சம் தெற்கே நழுவினால், இந்த ஓதத்தில் இந்த மிதவையருகே அது அப்படித்தான் செய்யும், இன்னும் இரண்டு நிமிடத்தில் தானே திரும்பும் என்று அவருக்குத் தெரியும். திரையின் தாமதத்தை அவருடைய அனுபவம் ஈடுசெய்கிறது. எல்லாக் கப்பலுக்கும் இதைச் செய்வதில்லை. கப்பலின் அளவு, சரக்கு, கேப்டனின் மொழித்திறன், அவருக்கு இந்தத் துறைமுகம் பழக்கமா என்றெல்லாம் பார்த்துத்தான் சம்மதிப்பார்கள்.

வேலை தொடங்கும் முன் கரைப் பைலட் கப்பலிடம் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது, எந்திரம் சரியாக இருக்கிறதா, சுக்கான் பிடிப்பவர் யார். ஏறியிருந்தால் கண்ணால் பார்த்திருப்பார். இப்போது ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் சொல்லத் தொடங்குகிறார்: இடம், போக்கு, அடுத்த திருப்பம், எதிரே வருபவர். இடைவெளி விடாமல் பேச வேண்டும். சற்று நேரம் குரல் வராவிட்டால், எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்வதா, ரேடியோ செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதா எனக் கப்பலில் இருப்பவருக்குத் தெரியாது.

அலைதடுப்புச் சுவருக்குள் வந்ததும் கடல் அடங்குகிறது. அங்கே காத்திருக்கும் படகிலிருந்து இன்னொரு பைலட் ஏணியில் ஏறி, கேப்டனோடு கைகுலுக்கி, ஜன்னலுக்கு வெளியே ஒருமுறை பார்த்துவிட்டு ரேடியோவை எடுத்து, வந்துவிட்டேன் என்று சொல்வார். கரைக்குரல் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த கப்பலைக் கூப்பிடும்.